கேட்டால் கை தூக்கு

நாராயணம்மா டீச்சர் பென்டிரைவைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, எட்சன் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் ஓசூரில் முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் வயலின் வாசித்தவர். பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி அவர் வாசித்ததை ஒரே ஒரு இசைத்தட்டாகப் போட்டிருந்தது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தத் தட்டோடு வீட்டிலிருந்த இருபத்தைந்து தட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி டீச்சர் எட்சனிடம் கொடுத்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதப்பா. எல்லாத்துலயும் பின்னாடி ஒரு சத்தம் வருது. காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி" என்றார்.

"தட்டு பழசுல்லா டீச்சர். கீறல் சத்தமா இருக்கும்."

"கீறல் எனக்குத் தெரியாதா? இது விடாம வருது. அவரு வாசிச்சு நிறுத்துன பொறகும் வருது."

எட்சன் கை கழுவிவிட்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். வயலின் கேட்டது. வயலின் நின்றதும் அமைதி. கொசு எதுவும் இல்லை. மறுபடியும் கேட்டான். பிறகு லேப்டாப்பில், ஒலியைப் படமாக வரைந்து காட்டும் பக்கத்தைத் திறந்தான். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை, ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு வெளிச்சக் கோடு ஓடியது. நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று ஓரத்தில் எண் காட்டியது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பார்த்தான். கோடு இல்லை. செருகினான். வந்துவிட்டது. அவன் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மனைவி எஸ்லினை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான்.

"இதுவா? நீங்க பதிஞ்சு வச்ச எல்லாத்துலயும் இந்த விசில் சத்தம் உண்டே" என்றாள் எஸ்லின்.

"ஏன் சொல்லல?"

"மெஷினு அப்படித்தான் போலன்னு இருந்தேன். உங்களுக்குக் கேக்காமலா..." சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

டீச்சர் எழுந்து, "மெதுவா செஞ்சு குடுப்பா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்சன் திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. வந்த நாள் முதல் ஒரே தொழிற்சாலை, ஒரே பிரஸ் ஷாப். இரும்புத் தகடுகளை அடித்துக் கார் கதவாக்கும் இயந்திரங்களுக்கு நடுவில்தான் எட்டு மணி நேரமும். நான்கு வருடத்துக்கு முன்னால் பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரை வாங்கி வந்து தானே சரிசெய்தான். தெரிந்தவர்கள் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். பென்டிரைவ் விலைக்கு மேல் யாரிடமும் அவன் வாங்கியதில்லை. தட்டு சுழல்வதை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவான். பிரஸ் ஷாப்புக்கு வெளியே அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அடுத்த வாரம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் காது பரிசோதனைக்குப் போனான். பரிசோதித்த பெண் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். நேராக வந்த கோடு நாலாயிரம் ஹெர்ட்ஸ் வந்த இடத்தில் கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கியிருந்தது.

"எங்க வேலை செய்றீங்க?"

"பிரஸ் ஷாப்ல."

"ரெண்டு காதும் போயிருக்குங்க. இது திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்கணும்."

"கம்பெனியில வருசா வருசம் டெஸ்ட் எடுக்காங்க மேடம். நார்மல்னுதான் எழுதித் தாராங்க."

அவள் காகிதத்தை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் கேன்டீனில் நல்லுசாமியிடம் சொன்னான். நல்லுசாமி சாமல்பட்டிக்காரர், அடுத்த பிரஸ்ஸில் பதினெட்டு வருடமாக நிற்பவர். "டெஸ்டா அது? வேன்ல ஏத்துனான், காதுல எதையோ மாட்டுனான், எடுத்தான், கையெழுத்து போடுன்னான். ரெண்டு நிமிசம். நீ கேக்குதான்னு அவன் கேட்டானா, நான் சொன்னனா?" என்றார். எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "ஏம்பா, எனக்கும் பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எட்சனும் எஸ்லினும் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் பிரஸ் ஷாப். எட்சன் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டி, லேப்டாப்பிலிருந்து ஒலியை அனுப்பினான். கேட்டால் கை தூக்கு என்பதுதான் ஏற்பாடு. ஐந்நூறு ஹெர்ட்ஸில் தூக்கினார்கள். ஆயிரத்தில் தூக்கினார்கள். நாலாயிரத்தில் நல்லுசாமி கையை முழங்காலில் வைத்தபடி, "ம், போடு" என்றார்.

"போட்டுட்டுத்தாண்ணே இருக்கேன்."

எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம் என்று எட்சன் ஸ்பீக்கருக்கு மாற்றினான். பன்னிரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் சத்தத்தை ஏற்றினான். கைகள் அசையவில்லை. இன்னும் ஏற்றினான். சமையலறையிலிருந்து எஸ்லின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினாள். அவளைப் பார்த்த பிறகுதான் அந்த அறையில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தது. ராஜப்பன் என்ற இளைஞன், வேலைக்குச் சேர்ந்து ஆறே வருடமானவன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

அந்த மாதம் முழுக்க எட்சன் எஸ்லினைப் பக்கத்தில் உட்கார வைத்து டீச்சரின் தட்டுகளை மறுபடி ஏற்றி முடித்தான். டீச்சர் வந்து கேட்டார். கணவரின் வயலின் சுத்தமாக வந்தது. அழுதார். அதோடு எட்சன் பிளேயரை மூடி வைத்துவிட்டு, காது பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எச்.ஆர். அறைக்குப் போனான்.

மேலாளர் கமலக்கண்ணன் அவனை உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். காகிதத்தை நிதானமாகப் படித்தார். பிறகு தன் போனைத் திருப்பி வைத்தார். அதில் எட்சனின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தட்டு சுழல்கிறது, எட்சன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டுகிறான்.

"டெய்லி எவ்ளோ நேரம் இத மாட்டிக்கறீங்க எட்சன்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும் சார். ஆனா சத்தம் கொறச்சுத்தான்..."

"காது போனா சத்தம் கொறச்சதா தெரியுமா, கூட்டுனதா தெரியுமா? இது வெளித்தொழில் வேற. பர்மிஷன் இல்லாம செய்யறது ஸ்டாண்டிங் ஆர்டருக்கு, அதாவது கம்பெனி விதிக்கு விரோதம், டிஸ்மிஸ் வரைக்கும் போகலாம். நான் அப்படிப் போக விரும்பல." ஒரு காகிதத்தை நகர்த்தினார். "வீட்டுல ஹெட்போன் போட்டதால காது பாதிச்சிருக்கு, சத்தமில்லாத எடத்துல வேலை குடுங்கன்னு நீங்களே கேக்கற மாதிரி இருக்கு. நாளைக்கே ஸ்டோருக்கு மாத்திடறேன்."

எட்சன் காகிதத்தை இரண்டு முறை படித்தான். இருபத்திரண்டு வருடம் நினைவுக்கு வந்தது. போடாவிட்டால் டிஸ்மிஸ், இல்லையென்றால் மறுபடி பிரஸ் ஷாப். கையெழுத்துப் போட்டான்.

ஸ்டோர் அமைதியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் நல்லுசாமி அங்கே வந்து கவுன்டருக்கு வெளியே நின்றார். அன்று வீட்டுக்கு வந்த பன்னிரண்டு பேரும் சேர்ந்து, காதுக்கு நஷ்டஈடு கேட்டு நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டிருந்தது.

"என்னா எழுதிக் குடுத்த நீ?" என்றார்.

எட்சன் சொன்னான்.

"அதத்தான் கமலக்கண்ணன் எங்ககிட்ட காட்டுனான். நீங்க பன்னெண்டு பேரும் எட்சன் ஊட்டுக்குப் போயி ஹெட்போன் மாட்டிப் பாட்டு கேட்டீங்கதானே, அக்கம்பக்கத்துல சத்தம்னு சொல்றாங்களேங்கறான். ஆறு வருசம்தான் ஆவுது ராஜப்பனுக்கு. அவன் மூஞ்சிய நீ அன்னிக்குப் பாத்த இல்ல?"

"டிஸ்மிஸ்னு சொன்னாருண்ணே. பயந்துட்டேன்."

"நாங்க மட்டும் பயப்படலையா?" என்று சொல்லிவிட்டு நல்லுசாமி போய்விட்டார்.

அன்று வீட்டில் எட்சன் சாப்பிடவில்லை. எஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னான். கையெழுத்துப் போட்டதை அதுவரை அவளிடமும் மறைத்திருந்தான்.

"வேல போனா போவட்டும்" என்றாள் எஸ்லின். "அந்த காயிதத்த வச்சுக்கிட்டு நீங்க அவுங்க மொகத்துல எப்படி முழிப்பீங்க?"

திங்கட்கிழமை மனு நாளன்று எட்சன் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்றான். மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், பன்னிரண்டு பேரும் தன் வீட்டுக்கு வந்தது பரிசோதனைக்குத்தான், பாட்டு கேட்க அல்ல என்று எழுதியிருந்தான். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அந்த வாரமே அவனை சஸ்பெண்ட் செய்தார்கள். அனுமதியில்லாமல் வெளித்தொழில் செய்தான், நிர்வாகத்தின் மேல் பொய்ப் புகார் கொடுத்தான் என்று இரண்டு குற்றச்சாட்டு. விசாரணை நான்கு மாதம் நடந்து வேலைநீக்கத்தில் முடிந்தது. பன்னிரண்டு பேரும் அடுத்து தொழிலாளர் துறையில் கொடுத்த மனுவிலிருந்து எட்டுப் பேர் விலகிக்கொண்டார்கள். ராஜப்பன் அதில் ஒருவன். அவன் இன்னும் பிரஸ் ஷாப்பில்தான் நிற்கிறான். எட்சன் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கிடங்கில் காவலுக்குப் போகிறான்.

நல்லுசாமி பல மாதம் பேசவில்லை. எட்சனும் விலகாத நான்கு பேரும் போட்ட வழக்கு சேலம் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனபோது, முதல் வாய்தா அன்று விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் மற்ற மூவரோடு அவரும் நின்றிருந்தார். எஸ்லினோடு வந்த எட்சனைப் பார்த்து, "டிபன் சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

கோர்ட்டு வராந்தாவில் ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் அதிகம், மின்விசிறி கடகடத்தது. பதினொன்றரைக்கு டவாலி வெளியே வந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டான். யாரும் எழவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டான். மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பப் போனான். தண்ணீர் பிடிக்கப் போயிருந்த எஸ்லின் பாட்டிலைப் போட்டுவிட்டு, "இருக்காங்க, இருக்காங்க" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். ஐந்து பேரும் அவளையே பார்த்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை.