மூன்றாம் பேர்னரின் வால்வு

இருட்டு முழுதாகக் கலையுமுன் வேலை தொடங்கிவிடும். எரிவாயுவையும் ஒட்சிசன் சிலிண்டரையும் திறந்து, நீள மேசையில் வரிசையாக இருக்கும் ஆறு பேர்னர்களையும் கொளுத்தி, சுவாலை மஞ்சளிலிருந்து நீலமாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். பிறகு கண்ணாடிக் குழாயை அதில் பிடித்து உருட்டுவோம். நுனி சிவந்து, தேன்போல இளகி, மூடிக்கொள்ளும். மறுமுனையில் வாய் வைத்து மெல்ல ஊதினால் அடிப்பக்கம் உருண்டு வரும். பள்ளிக்கூட ஆய்வுகூடங்களுக்கான சோதனைக் குழாய்கள். ஒருவர் ஒரு நாளில் நானூறு முடிக்க வேண்டும். மருதனார்மடத்தில் ஒரு தகரக் கூரையின் கீழ் ஆறு பேர் இதைச் செய்கிறோம். ஏழு மணிக்கே இமைகள் காய்ந்துவிடும். மின்விசிறி போட முடியாது. சுவாலை ஆடும்.

மூன்றாவது பேர்னர் பெர்னடெட் அக்காவினுடையது. குருநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அந்தப் பேர்னரின் ஒட்சிசன் வால்வு பழுது. உள்ளே இருந்த றப்பர் வளையம் தேய்ந்து கசிந்தது. திருகு இறுகிப்போய், திருப்பத் திருப்ப அவருக்கு மணிக்கட்டு வீங்கியது. முதலாளி இராசசிங்கத்திடம் மூன்று தடவை புது வால்வு கேட்டோம். “நாடா சுத்துங்கோ, ஓடும்” என்றார். மூன்று தடவையும் நான் பக்கத்தில் நின்றேன்.

புதன்கிழமை பின்னேரம் நாலரைக்கு, ஆங்கில வகுப்புக்குப் புறப்படுமுன், அந்தத் திருகின் தண்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய். எங்கள் வீட்டில் பூட்டு, சைக்கிள் சங்கிலி, கிணற்றுக் கப்பி, எது இறுகினாலும் அதைத்தான் விடுவோம். அக்காவிடம் சொல்லவில்லை. காலையில் கைக்குத் தானாகத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை திருகு இலகுவாகத்தான் திரும்பியது. டப் என்று ஒரு சத்தம். அக்காவின் வலது கை ஒரு கணம் வெள்ளையாக எரிந்தது. பக்கத்துப் பேர்னரில் நின்ற றமேஸ் அண்ணை பாய்ந்து சிலிண்டரை அடைத்தார். கடைசிப் பேர்னரிலிருந்து ஜெனிற்றா தண்ணீர் வாளியோடு ஓடிவந்தாள். நான் என் குழாயை இன்னும் இரண்டு சுற்று உருட்டினேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபின் வழக்கம்போல சிலிண்டரைத் துடைத்தேன். அதன் தலையிலுள்ள அமுக்கமானியின் முகப்பில், முள்ளுக்குக் கீழே, சின்ன ஆங்கில எழுத்தில் மூன்று சொற்கள் இருந்தன. எண்ணெய் பாவிக்க வேண்டாம் என்று பொருள். ஒட்சிசன் பட்டால் எண்ணெய் நெருப்பாகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் எழுதியிருந்தது. ஏழு மாதமாக ஆங்கிலம் படிக்கிறேன். அந்த ஏழு மாதமும் அதே முகப்பைத்தான் துடைத்திருக்கிறேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதலாளி இரண்டு பொருள்களோடு வந்தார். ஒன்று, வெல்டிங் கடையில் கழற்றிய பழைய வால்வு. மற்றது, அக்கா கையொப்பம் வைக்க ஒரு கடுதாசி. தன் கவனக்குறைவால் விபத்து நடந்ததாகவும், தானாகவே வேலையை விட்டு நிற்பதாகவும் அதில் இருந்தது. கட்டுப்போட்ட கையோடு அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்.

“எரிஞ்ச வால்வைக் கழட்டிப் பாத்தனான். எண்ணெய்ப் பிசுக்கு. உன்ரை பேர்னர், உன்ரை கை. வேறை ஆர் பூசினது?”

“நான் பூசேல்லை, ஐயா.”

“அப்ப பேய் வந்தே பூசினது?”

இதற்குள் றமேஸ் அண்ணை முதலாளி கொண்டுவந்த வால்வைப் பூட்டி, சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்து, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார். திருகைச் சுற்றி நுரை முட்டை முட்டையாகப் பொங்கியது.

“இதுவும் கசியுது.”

“சவர்க்காரம் எண்டால் நுரைக்கத்தானே செய்யும்.”

“அப்ப குழாய் மூட்டிலையும் தடவினனான், அதிலை ஏன் நுரைக்கேல்லை?”

முதலாளி கடுதாசியை அக்காவின் பக்கம் தள்ளினார். இடது கையால் அக்கா பேனையை எடுத்தார்.

“நான்தான் எண்ணெய் விட்டது” என்றேன்.

“நல்லது. அப்ப மதுஷா வீட்டை போகட்டும். மற்றவை வேலையைத் தொடங்குங்கோ.” பழியைப் போட அக்காவின் பெயர் என்றாலும் என் பெயர் என்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

பெர்னடெட் அக்கா பேனையைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“மூண்டு நாள் வந்து தோடம்பழம் உரிச்சுத் தந்தனி.”

“ஓம் அக்கா.”

“உன்னோடை எனக்குப் பிறகு கதை இருக்கு.” பேனையை மேசையில் வைத்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார். “பிள்ளை செய்தது பிழை. நீங்கள் வால்வை மாத்தியிருந்தால் அவள் என்னத்துக்கு எண்ணெய் விடுறாள்?”

ஜெனிற்றா அதற்குள் தூரிகையை எடுத்து மற்றப் பேர்னர்களுக்கும் தடவிக்கொண்டு போனாள். இன்னும் மூன்று பேர்னர்களில் நுரைத்தது. அக்காவினுடையதோடு நாலு.

முதலாளியின் கடுதாசியைத் திருப்பி, வெறுமையான பக்கத்தில் எழுதினேன். எண்ணெய் விட்டது யார், எப்போது. வால்வு கேட்ட மூன்று நாள்கள். கசியும் நாலு பேர்னர்கள். ஆறுக்கும் புது வால்வு வரும்வரை, அக்காவை வேலையில் வைத்திருப்பதாக எழுதித் தரும்வரை, ஒருவரும் கொளுத்தமாட்டோம். மூன்று நாள் சொல்லாமல் இருந்ததையும் எழுதச் சொன்னார் அக்கா. எழுதினேன். முதலில் நான் கையொப்பம் வைத்தேன். பிறகு ஐவரும். அக்காவின் இடக்கை எழுத்து கோணலாக விழுந்தது.

“நாளைக்கு வேறை ஆக்களை எடுப்பன்” என்றார் முதலாளி.

“எடுங்கோ,” என்றார் றமேஸ் அண்ணை. “அவைக்கும் உந்த வால்வைத்தானோ குடுப்பியள்?”

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஆறு பேரும் பட்டறைப் படலைக்கு வெளியே நின்றோம். அக்காவும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். என்னோடு கதைக்கவில்லை. ஆனால் பக்கத்தில்தான் நின்றார். முதலாளி வேலைக்குக் கூப்பிட்ட புது ஆட்கள் இருவர் பண்டத்தரிப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஓட்டியவன் பெயர் கஜீவன். வெல்டிங் வேலை தெரிந்தவன்.

“தம்பியவை, போறதெண்டால் போங்கோ,” என்றார் அக்கா, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு பிடித்தபடி. “திறக்க முதல் சவர்க்காரத் தண்ணி தடவிப் பாருங்கோ.”

“எத்தினை கசியுது?”

“நாலு.”

உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். “பொறுங்கோ ஐயா” என்றான் கஜீவன். என்னிடமிருந்து கடுதாசியை வாங்கி, பின்னாலிருந்தவனுக்கும் தெரியும்படி பிடித்து, கடைசி வரிவரை வாசித்தான். மடித்துத் திருப்பித் தந்தான். பிறகு படலைக்குள் போகாமல் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய், மதிலோரம் நின்ற எங்கள் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் ஸ்ராண்டில் ஏற்றினான்.