புகாரே இல்லாத குடியிருப்பு

நேற்றுவரை "ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுந்த மனிதர், இன்று காலை தையல்காரியின் வாசலில் நின்று "தங்கச்சி" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் எப்போது அண்ணன் ஆனார்?

குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் சங்கத்தின் மேலாளர் அவர். எண்பது வீட்டு மாற்றுச் சாவியும் இடுப்பில் தொங்குவதால் குடியிருப்பில் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். தையல்காரியின் படுக்கையறைச் சுவரில் எட்டு மாதமாகத் தண்ணீர் இறங்கிக் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. ஏழு வயது மகளுக்கு மூச்சு இழுத்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றையும் அவள் கண்ணெதிரே கிழித்துக் கூடையில் போட்டவர் இந்த உத்தமர்தான்.

"என்ன விஷயம்?"

"பதினோரு மணிக்கு ஒழுங்குமுறை ஆணையத்து அதிகாரி வர்றாங்கம்மா. நம்ம புகார்ப் பதிவேடு காலியா இருக்கு."

"நல்லதுதானே? புகாரே இல்லாத குடியிருப்புன்னு கூட்டத்துக்குக் கூட்டம் பீத்திக்குவீங்களே."

"அதான் வினை! ஒரு புகார்கூட இல்லையா, யார் காதுல பூ சுத்துறீங்கன்னு கேட்டு இன்னொரு சங்கத்தோட பதிவையே ரத்து பண்ணிட்டாங்களாம்." பதிவேட்டை நீட்டினார். "சுவரைப் பத்தி ரெண்டு வரி எழுது. தேதி மட்டும் ஆறு மாசம் முந்திப் போட்டுக்கோ. கீழே, சரிசெய்யப்பட்டதுன்னு ஒரு கையெழுத்து."

"சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிடலாம்."

"பண்ணுங்க. அப்புறம் கையெழுத்து."

பதிவேட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். இன்றைய தேதி போட்டாள். சுவர், மகளின் மூச்சு, கிழித்த மூன்று கடிதங்கள், ஒன்று விடாமல் எழுதினாள். அவர் கையில் திருப்பிக் கொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா? தானே அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு நடந்தாள். சாவிகள் குலுங்கப் பின்னாலேயே ஓடிவந்தார் அவர்.

"கெடுத்துடாதேம்மா! எல்லாரும் தெருவுக்கு வந்துடுவோம்!"

"என் பொண்ணு மூச்சு விட்டாப் போதும் எனக்கு."

அதிகாரி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தை முழுதாக, நிதானமாகப் படித்தார். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஒழிந்தான் என்று தையல்காரி மனதாரச் சந்தோஷப்பட்டாள்.

"நல்லது," என்றார் அதிகாரி. "வாடகைதாரர் பயப்படாம எழுதியிருக்காங்க. பதிவேடு நடைமுறையில இருக்கு." தன் படிவத்தில் ஒரு சரிக்குறி போட்டார். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கிழிச்சுப் போட்டார்னு எழுதியிருக்கேனே!"

"அந்தக் கடிதங்கள் இருக்கா?"

"கிழிச்சதுக்கு அப்புறம் எப்படி இருக்கும்?"

"அப்போ ஆதாரம் இல்லை."

"சுவர்?"

"முப்பது நாள் அவகாசம் உண்டு. அதுக்குள்ள சரியாகலேன்னா மறுபடியும் புகார் குடுங்க."

"யார்கிட்ட?"

"இவர்கிட்டதான்," என்று அதிகாரி பேனாவால் மேலாளரைக் காட்டினார்.