கொட்டகைத் தூண்

"இன்னும் ஒரு வாளி கொண்டாங்க அண்ணி" என்றான் தோவதெர்.

பரஸ்கிவா விட்டத்தின் மேல் தண்ணீரைச் சாய்த்தாள். அது ஊறாமல் வழிந்து புழுதிக்குள் போனது. விட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து துளைக்குள் பாதிதான் இறங்கியிருந்தது. முற்றத்தில் நின்ற தச்சர்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மின்னல் விழுந்து எரிந்த மரக்கோயிலின் கூரையை, நானூறு வருஷத்துக்கு முந்தியவர்கள் கட்டியபடியே கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவள் கணவர் கவ்ரிலா. ரம்பம் கூடாது, ஆணி கூடாது. பச்சை ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கி, ஈரம் போவதற்குள் பூட்டிவிட வேண்டும். பூட்டிய பிறகு காய்ந்தால் மூட்டு இறுகும். பூட்டாமல் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கச் செதுக்கி முடித்தார். நகரத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்தால் தூக்கிவிடலாம். எங்கே வந்தது? அதற்குள் அவர் வயிற்றில் கட்டி வந்துவிட்டது.

"மரத்து மேல சாக்கு நனைஞ்சிருக்கா?" ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்த நாளிலிருந்து தினமும் கேட்டார்.

"நனைஞ்சிருக்குங்க. பக்கத்து வீட்ல ஊத்துறாங்க."

அவள் யாரிடமும் சொல்லவே இல்லை. ஆம்புலன்சில் ஏறிய அவசரத்தில் மறந்துபோனாள். அவர் கேட்டு ஞாபகம் வந்தபோது ஜூன் வெயில் இரண்டு வாரம் காய்ந்திருந்தது. தோவதெரோ ஜெர்மனியில் வேலையில் இருந்தான். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்து நேற்றுதான் வந்து சேர்ந்தான். அண்ணன் சாவதற்குள் ஒரு ஜோடியாவது பூட்டிக் காட்டிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறான்.

"இறங்கிடுச்சா?" ஜன்னலுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

பரஸ்கிவா தோவதெரின் கையிலிருந்த கொட்டாப்புளியைப் பிடுங்கினாள். விறுவிறுவென்று போய்க் கொட்டகைத் தூணில் ஓங்கி மூன்று அடி அடித்தாள். தோவதெருக்குப் புரிந்துவிட்டது.

"இறங்கிடுச்சுண்ணே!" என்று கத்தினான்.

அவள் உள்ளே ஓடினாள். கவ்ரிலா கண்ணை மூடிக் கிடந்தார்.

"பரஸ்கிவா."

"என்னங்க."

"அது நம்ம கொட்டகைத் தூணுடி."

அவள் கட்டிலோரம் மண்டியிட்டாள். "ஊத்தலீங்க. யாருகிட்டயும் சொல்லாம வந்துட்டேன். பாவி நான், மறந்தே போச்சு."

"எத்தனை போச்சு?"

"எல்லாமே."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், உயிர் வெளிச்சமில்லாமல் போகக் கூடாதே என்று அவள் மெழுகுவர்த்தியை ஏற்றி அவர் கையில் வைத்தாள். விரல்கள் பிடிக்கவில்லை. அவளே சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மெழுகு அவள் மணிக்கட்டு வரை வழிந்தபோது மூச்சு நின்றிருந்தது.

மத்தியானம் தோவதெர் வாசலில் வந்து நின்றான். "பெட்டிக்குப் பலகை வேணும் அண்ணி. பச்சை மரம் ஆகாது, காஞ்சதா இருக்கணும்."

அவள் ஜன்னல் வழியே முற்றத்தைக் காட்டினாள். "அதான் காஞ்சு கிடக்கே."

"ஐயோ, அது கோயிலுக்கு வச்சது."

"இனி எந்தக் கோயிலுக்கு?"

அவன் தொப்பியைக் கையில் கசக்கினான். "பலகையா அறுக்க ரம்பம் வைக்கணும். அண்ணன் இருந்தா விடுவாரா?"

"வையி தம்பி."

கொஞ்ச நேரத்தில் மோட்டார் ரம்பம் உறுமத் தொடங்கியது. பரஸ்கிவா எழுந்து, அவர் தலைமாட்டு ஜன்னலைச் சாத்தினாள்.