இரவல் போன பங்குகளும் வீட்டுக்கு வந்த வெள்ளியும்

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் பல வருடங்களாகப் பங்குகளில் போட்டு வந்தாள். ஒரு காலை, அவளுடைய புரோக்கர் கம்பெனி தள்ளாடுகிறது என்று நர்ஸ் ஒருத்தி சொன்னாள். அவள் உடனே போனில் கணக்கைத் திறந்தாள். பங்குகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் 'இரவல் தரப்பட்டுள்ளது' என்று இருந்தது.

மதியம் அந்த ஆபீசுக்கு ஓடினாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் மாட்டிக்கொண்ட ஊழியரிடம் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"சார், என் பங்கு எங்க?"

"உங்களோடதுதான் மேடம். வெளிய இரவல் குடுத்திருக்கோம். விலை இறங்கும்னு நினைக்கிறவங்க இரவல் வாங்கி வித்துடுவாங்க. விலை இறங்கினதும் கம்மி விலைக்குத் திரும்ப வாங்கிக் குடுத்துடுவாங்க."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டோமே. கணக்கு ஆரம்பிக்கும்போது போன்ல சம்மதம்னு தொட்டிருக்கீங்க. மாசாமாசம் சின்னதா ஒரு தொகை வந்திருக்குமே?"

வந்திருந்தது. ஒரு டீக்குக் காணும்.

"வாங்கினவன் திருப்பித் தரலைன்னா?"

"அதுக்கு ஈடு வாங்கி வெச்சிருக்கோம்" என்றார். சொல்லும்போது ஷட்டரைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரு நோயாளியிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனாள். அந்த மனிதர் முகம் சிவந்து, "விடலாமாம்மா?" என்று ஜாடையில் கேட்டார்.

கடைசியில் வேறொரு கம்பெனி அந்தக் கணக்குகளை எடுத்துக்கொண்டது. பங்குகள் திரும்பி வந்தன. வந்த அன்றே அத்தனையையும் விற்று வெள்ளிப் பாளங்களாக வாங்கினாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவனிடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"லாக்கர்ல வெச்சுடலாமே" என்றான் அவன்.

"அதுவும் அடுத்தவன் இடம்தானே? எனக்குக் கண்ணால பாக்கணும், கையில தூக்கணும்."

பாளங்கள் பீரோவின் அடித்தட்டில் போர்வைகளுக்குக் கீழே போயின. பயம் வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்தது. பையைத் தூக்கி வந்த வெள்ளிக்கடைக்காரன் வீட்டை ஏன் அப்படிப் பார்த்தான்? மாடிப்படியில் யார் அது?

"யார்கிட்டயாவது உளறினீங்களா?"

"லிஃப்ட்கிட்டகூட சொல்லலடி."

ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து வந்தாள். கதவுப் பூட்டு திறந்திருந்தது. உள்ளே பீரோ கிறீச்சிட்டது. கணவன் வேலையில் இருக்கும் நேரம் அது. அக்கம்பக்கத்தைக் கூப்பிடவும் நிற்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். பீரோவுக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்த உருவத்தின்மேல் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள்.

"ஐயோ அண்ணி!"

குறி தவறி, பீரோக் கதவின் கண்ணாடி நொறுங்கியது. தரையில் உட்கார்ந்திருந்தவள் நாத்தனார், கணவனின் தங்கை. கண்ணாடிச் சில்லு கிழித்த கன்னத்தில் ரத்தம் வழிந்தது.

"போர்வை எடுக்க வந்தேன் அண்ணி... வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க... அண்ணன்தான் சாவி குடுத்தான்..."

அவள் நாத்தனாரைப் பார்க்கவில்லை. பாளங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகே தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஒரு துண்டை எடுத்து அந்தக் கன்னத்தில் அழுத்தினாள். கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் கண். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் மண்டை.

"என்னை மன்னிச்சுடு" என்று அழுதாள்.

"முதல்ல தையல் போடக் கூட்டிட்டுப் போங்க அண்ணி. அழறதை ஆட்டோல வெச்சுக்கலாம்."

மறுநாள் கணவனும் மனைவியுமாகப் பாளங்களை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு வந்தார்கள். லாக்கர் கதவை அவளே சாத்தினாள்.

தழும்பு மெல்ல மங்கி வருகிறது. நாத்தனார் இப்போதும் அடிக்கடி வருகிறாள், சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் கதவு அகலத் திறந்து கிடந்தாலும் வாசலிலேயே நின்று மணியடித்து, "நான்தான் அண்ணி" என்று குரல் கொடுக்காமல் அவள் உள்ளே கால் வைப்பதில்லை.