அக்காவின் பூஞ்சை

அக்காவைத் தகனம் செய்துவிட்டு வந்த வண்டி வாசலைவிட்டு நகர்வதற்குள் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாமா வழிமறித்தார். ஆய்வகத்துக்குப் போகிறேன் என்றாள். அக்காவின் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த பூஞ்சையை இன்று பார்த்தாக வேண்டும், விட்டால் வீணாகிவிடும்.

"அவளக் கொன்னதையா வளத்து வச்சிருக்க? தூக்கிப் போடு."

"போட மாட்டேன் மாமா. அது அக்கா குடுத்தது."

அக்கா வெல்டர். சிறுநீரகம் மாற்றிய பிறகும் பட்டறையை விடவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரைகளால் எதிர்ப்புச் சக்தி குறைந்த அந்த உடம்பில்தான் பூஞ்சை புகுந்தது. கொடுத்த மருந்து எதற்கும் அது மசியவில்லை. தங்கையின் ஆய்வகத்தில், மண்ணில் வாழும் வேறொரு பூஞ்சையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து வைத்திருந்தார்கள். தனியாக அது எதையும் கொல்லாது. மருந்தோடு சேர்ந்தால், பலிக்காத மருந்தும் பலிக்கும்.

அதைத் தனக்குப் போடச் சொல்லி அக்கா கேட்டாள். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று தங்கை சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு முன்னாடி எலியா? குடுத்து வச்சதுடி அது" என்று அக்கா சிரித்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, தன் ரத்தத்தில் வளர்வதை அந்த ஆய்வகத்துக்குக் கொடுக்கச் சொன்னாள்.

"நான் போனாலும் அத விட்றாத, பூஞ்சைக்காரி."

மாமா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூலையில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, தங்கையோடு நடந்தாள்.

ஆய்வகத்தில் யாரும் இல்லை. மூடிய தட்டுகளைத் தங்கை வெளிச்சத்தில் வைத்தாள். மருந்து மட்டும் போட்டதில் பூஞ்சை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. புதுப் பொருள் மட்டும் போட்டதிலும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்ததில் ஒரு புள்ளிகூட இல்லை.

அம்மா அந்தக் கடைசித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது முன்னாடியே…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தங்கை தட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

அம்மா கேட்டாள்: "ஒரு தடவ இப்படி வந்தா மருந்துன்னு ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்கம்மா. திரும்பத் திரும்ப வரணும். அப்புறம்தான் எலி. மனுசங்களுக்குன்னா வருசக் கணக்காகும்."

"ஆகட்டும். பண்ணு."

மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மாவே எடுத்து, வேலை இருக்கிறது, நேரமாகும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தங்கை கையுறையை இழுத்தாள். அவசரத்தில் அது கிழிந்தது. அம்மா பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்தாள். அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மகள் கையை நீட்டும்வரை நின்றாள்.