பிடித்த சரக்கு

காது கேட்பதற்கு விலை இருபத்தெட்டாயிரம் ரூபாய். அதுவும் ஒரு காதுக்கு. காதில் மாட்டும் மிஷினைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். முந்திரிப் பருப்பு போல வளைந்து, ஏறக்குறைய அதே நிறத்தில் இருக்கும். பண்ருட்டிக்காரர் எவராவது பார்த்தால் கிலோ என்ன விலை என்று கேட்டுவிடுவார். இரண்டு காதுக்கும் சேர்த்து எடுத்தால் ஐம்பத்திரண்டுக்குத் தருவதாகக் கடைப்பெண் சொன்னாள். இளமதி அதை நாற்பத்தெட்டு வரைக்கும் இறக்கிவிட்டு, வாங்காமல் எழுந்தாள்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன் காதில் குறை இருக்கிறது என்று காதுக்குச் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டால்தானே வாங்குவதற்கு?

சொந்தக்காரர் அவளுடைய அப்பா சபாபதி. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் பாத்திரக் கடை. இருபத்தைந்து வருஷமாக எவர்சில்வர் குடம் உருளும் சத்தத்திலும், பாத்திரத்தில் பெயர் வெட்டும் மிஷின் இரைச்சலிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, அவருடைய வலது காது பாதிக் கதவைச் சாத்திவிட்டது. இடது காது பூட்டே போட்டுவிட்டது. ஊருக்கு இது தெரியாது. தெரிந்தால் அவ்வளவுதான். வாங்க வருகிறவர்கள் மெல்லிய குரலில் ஒரு விலையைச் சொல்லி, "நீங்கதான் தலைய ஆட்டுனீங்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவள் இளமதி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்கு வலது பக்கத்தில் நின்றுகொள்வாள். ஓர் அம்மாள் அண்டாவைத் தடவிக்கொண்டே, "ஆயிரத்து நூறு போட்டுக்குங்க" என்று முணுமுணுத்தால், இவள் கடை அதிரக் கத்துவாள்: "ஆயிரத்து நூறா! இந்த அண்டாவுக்கு ஆயிரத்து நூறா கேக்குறீங்க? கேட்டியாப்பா, ஆயிரத்து நூறாம்!" அப்பா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "ஆயிரத்து முந்நூறு, கடைசி வெல" என்பார். அப்பனுக்கு மேல் பேரக்காரி என்று தெருவே அவளுக்குப் பட்டம் கொடுத்தது. மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அப்பாவும் மகளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மஞ்சக்குப்பத்துக் கடையிலிருந்து எழுந்தவள் வாசலில் நின்று திரும்பிக் கேட்டாள்: "அக்கா, இந்தக் காது அளக்கற வேலைக்கு என்னா படிக்கணும்?"

"அதுக்குன்னு தனியா ஒரு டிகிரி இருக்கு. நாலு வருஷம், கடைசி வருஷம் பயிற்சி. காது மட்டும் இல்ல, பேச்சு வராத புள்ளைங்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் குடுக்கலாம். ஊருல ஆளே பத்தல."

ஆளே பத்தல! வியாபாரி வீட்டுப் பெண்ணின் காதில் இதைவிட இனிப்பான சொல் விழுமா? கேட்பவர் கூட்டம் ஜாஸ்தி, சரக்கு தட்டுப்பாடு. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதுவரை ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், நர்ஸ் என இரண்டே கடை இருக்கும் தெரு என்று நினைத்திருந்தாள். உள்ளே ஒரு முழுக் கடைத்தெருவே இருக்கிறது!

ஆனாலும் ஒரே கடையில் விசாரித்துவிட்டு வாங்குவது அந்த வீட்டு வழக்கமில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள் அவள் விசாரணையைத் தொடங்கினாள். குக்கர் வாங்க வந்த எக்ஸ்ரே டெக்னீஷியன், டிபன் கேரியர் வாங்க வந்த டயாலிசிஸ் சிஸ்டர், தோசைக்கல் தூக்கிப் பார்த்த பிசியோதெரபிக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் பத்து ரூபாய் தள்ளுபடி. "நின்னுகிட்டே வேலையா, உக்காந்தா? ராத்திரி டூட்டி உண்டா? உங்கள யாரு திட்டுவாங்க, டாக்டரா, பேஷண்ட்டா?" எக்ஸ்ரேக்காரர் அத்தனைக்கும் பதில் சொல்லி, குக்கர் விலையில் எழுபது ரூபாயைக் குறைத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் கேட்டு, எடை போட்டு, தட்டிப் பார்த்த பிறகும் அவள் மனசு காதிலேயே போய் நின்றது.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்க்கை நாள் அறிவித்தார்கள். அப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள். சபாபதி, மகள் செலவில்லாமல் இரண்டே வருஷத்தில் லேப் டெக்னீஷியன் ஆகிவிடுவாள் என்ற கணக்கில் இருந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்போது அவள் காதருகே குனிந்து ரகசியம் சொன்னார். காது மந்தமானவரின் ரகசியம் டிரைவர் வரைக்கும் போகும்.

"பாப்பா! புடிச்ச சரக்கக் கண்டா மொகத்துல காட்டாத! புடிச்சதக் கொற சொல்லு, புடிக்காததப் புகழு! அப்பதான் வெல எறங்கும்!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டி ஆமோதித்தார்.

கல்லூரி மண்டபத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு மேசை. இளமதி பாடம் தவறவில்லை. லேப் மேசையில் நின்று மைக்ராஸ்கோப்பை வானளாவப் புகழ்ந்தாள். "இந்த மாதிரி படிப்பு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்!" அந்த மேசைக்காரர் பூரித்துப் போனார். பிறகு மண்டப மூலைக்கு வந்தாள். அங்கே பிஞ்சுப் பலா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் காது, நடுவில் பிளந்து, உள்ளே நத்தைக்கூடு போன்ற சுருளைக் காட்டிக்கொண்டு இருந்தது. அதற்கு அப்பால் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அவளுக்கு அந்தச் சுருளைத் தொட்டுப் பார்க்க விரல் துடித்தது. முகத்தை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

மேசையில் ரீட்டா மேடம் உட்கார்ந்திருந்தார். கடலூர் முதுநகர்க்காரர், துறையின் ஆசிரியை. பொறுமையாக விளக்கினார்.

"நாலு வருஷமா? ஜாஸ்தியா இருக்கே" என்றாள் இளமதி. "இந்தக் காது வேற பெயிண்ட் உரிஞ்சிருக்கு."

அப்பா மகளை ஒரு பார்வை பார்த்தார். குறை சொல்கிறாள் என்றால் பிடித்திருக்கிறது. லேப் கணக்கை அந்த நிமிஷமே மனசுக்குள் கிழித்துப் போட்டுவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். "காத அளந்து என்னா பண்றது மேடம்? துணியா அது, மீட்டர் போட்டுக் கிழிக்க?"

ரீட்டா மேடம் பேனாவை மூடினார். "சரிங்க. விருப்பம் இல்லாத புள்ளைங்கள நாங்க கட்டாயப்படுத்தறதில்ல. இருக்கறது ஒரே ஒரு எடம். அடுத்தவங்க வாங்க."

"நட பாப்பா" என்றார் அப்பா தன் ரகசியக் குரலில். "திரும்பிப் பாக்காத. கூப்புடுவாங்க."

லாரன்ஸ் ரோட்டில் இது தப்பியதே இல்லை. வாசப்படி தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். இருவரும் நடந்தார்கள். கூப்பிடவில்லை. நடையின் வேகத்தைக் குறைத்தார்கள். கூப்பிடவில்லை. சபாபதி செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து அவகாசம் கொடுத்தார். அப்போதும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது லேப் மேசைக்காரர் மட்டும்தான். "பாப்பா, அவ்ளோ ஆசப்பட்டியே, உன் பேர எழுதிட்டேன்! அட்வான்ஸ் கட்டிடுங்க சார்!"

இளமதி திரும்பிப் பார்த்தாள். ரீட்டா மேடத்தின் எதிரே, பெண்ணாடத்திலிருந்து வந்த ஓர் அம்மாளும் அவர் மகனும் உட்கார்ந்துவிட்டார்கள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே வாங்குகிறவள் அவள் இல்லை. பார்த்துப் பொறுக்கி எடுக்கிறவர் அந்த மேடம். மேசைமேல் நின்ற சரக்கு அவள்தான். தன்னைத் தானே பெயிண்ட் உரிந்தது என்று சொல்லிவிட்டு நடந்து வந்திருக்கிறாள்!

ஓடினாள்.

"மேடம், எனக்கு இதுதான் வேணும்!"

"பாப்பா!" அப்பா பின்னாலேயே வந்து அலறினார். "வெல ஏறிடும்!"

ரீட்டா மேடம் நிமிர்ந்தார். "இப்பதானே பெயிண்ட் உரிஞ்சிருக்குன்ன?"

"புடிச்சதாலதான் சொன்னேன் மேடம். எங்க வூட்டுப் பழக்கம் அது. புடிக்கலன்னா புகழ்ந்திருப்பேன்."

மைக்ராஸ்கோப் மேசைக்காரரின் முகம் தொங்கிப்போனது.

"சரி, ஏன் வேணும்? சேவை செய்யணும்னு மட்டும் சொல்லாத. காலைலேருந்து எல்லாரும் அதையே சொல்லிட்டாங்க. உன் காரணத்தச் சொல்லு."

இளமதி அப்பாவைப் பார்த்தாள். காரணம் அவருடைய காதுதான். அவருடைய இடது காது அவள் பக்கம் இருந்தது. குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், மேடத்துக்கு மட்டும் கேட்கும். அப்பாவுக்கு ஒரு எழுத்துகூட எட்டாது. இடமும் கிடைத்துவிடும், அவர் மானமும் போகாது. ஆனால் மூன்று வருஷத்தில் அந்தக் காதை வைத்து அவள் அவரை ஏமாற்றியதே இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கத்தில் நின்றாள். கடைக் குரலை எடுத்தாள்.

"எங்கப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது மேடம். அவரு கேக்கற மாதிரியே காட்டிப்பாரு. கடைக்கு வரவங்க சொல்ற வெலய நான் ஒரு தடவ கத்திச் சொல்வேன், அவரு புடிச்சிப்பாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான், கத்தறது. அத விட்டுட்டு வேற என்னா செய்யலாம்னு நான் கத்துக்கணும்."

சபாபதியின் முகத்தில், பேரம் பேசும்போது வரும் எந்த முகமும் இல்லை. நெற்றி மட்டும் சிவந்திருந்தது.

பெண்ணாடத்து அம்மாள்தான் முதலில் பேசினார். "எங்க வூட்டுக்காரரும் இதே கதைதாம்மா. லாரி ஓட்டி ஓட்டி ஒரு காது போச்சு. கேட்டா, எனக்குத்தான் வாய் சரியில்லங்கறாரு."

"நீங்க இந்த எடத்துக்காக உக்காந்திருக்கீங்களா?" என்று இளமதி பயந்துகொண்டே கேட்டாள்.

"இல்லம்மா. இவன் எக்ஸ்ரேக்கு எழுதிட்டான். சேர் காலியா இருந்துச்சேன்னு உக்காந்தோம்."

ரீட்டா மேடம் சிரித்துக்கொண்டே எழுந்தார். "சார், வந்ததே வந்துட்டீங்க. உள்ள வாங்க, ஒரு டெஸ்ட் பாத்துடலாம். இலவசம்."

இலவசம் என்ற சொல் மட்டும் சபாபதிக்கு எந்தக் காதிலும் கேட்கும். கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கதவைச் சாத்தியதும் அவர் கம்பீரமாக அமுக்கத் தொடங்கினார். இடைவெளி விட்டு, தலையை ஆட்டி, மறுபடி அமுக்கினார்.

ரீட்டா மேடம் கதவைத் திறந்து உரக்கச் சொன்னார். "சார், நான் இன்னும் மிஷினையே ஆன் பண்ணல."

இளமதி உள்ளே போய் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினாள். "அப்பா, இங்க பேரம் இல்ல. கேக்கலன்னா சும்மா இரு."

அவர் பொத்தானை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இந்தமுறை கை நெடுநேரம் அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே, மிஷினில் சத்தத்தைக் கூட்டும் குமிழை மேடம் திருப்பச் சொல்ல, இளமதி திருப்பினாள். ஒரு படி. இன்னொரு படி. சட்டென்று அப்பாவின் விரல் அமுக்கியது, விளக்கு எரிந்தது. இளமதிக்கு மயிர் கூச்செறிந்தது. அவருக்கு எந்தச் சத்தத்தில் கேட்கத் தொடங்கும் என்பதை மூன்று வருஷம் அவள் தொண்டையால் துழாவிக்கொண்டிருந்தாள். இப்போது அது காகிதத்தில் ஒரு புள்ளியாக விழுகிறது! வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. கடைசிப் புள்ளிகளை மேடம் அவளையே போடச் சொன்னார். கோடு மலைச்சரிவு போல இறங்கியது. நல்ல சேதி இல்லைதான். ஆனாலும் அவள் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் வச்சா நல்லாவே கேக்கும்" என்றார் ரீட்டா மேடம். "அடுத்த வாரம் கூட்டிட்டு வா. நீயே பக்கத்துல இருந்து பாக்கலாம், எப்படியும் நம்ம டிபார்ட்மெண்ட் ஆயிட்டியே."

சபாபதி வெளியே வந்து தொண்டையைச் செருமினார். "ஃபீஸுல ஏதாவது பாத்து…"

"ஒரே வெலங்க. வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம்."

"தொண்ணூறாயிரமா! கேட்டியாப்பா, தொண்ணூறாயிரமாம்!" என்று பழக்க தோஷத்தில் இளமதி கத்தினாள். அந்த வருஷத்தின் கடைசி இடம் அவளுக்கு எழுதப்பட்டது.

திரும்புகிற பஸ்ஸில் புதுச்சத்திரம் வரைக்கும் அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு அவர் ரகசியம் பேசத் தொடங்கினார். பஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"நீ எதுக்குக் கத்தறன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியுமா?"

"மொத மாசமே தெரியும். கேட்டா நிறுத்திடுவியோன்னு கேக்கல." ஜன்னலைப் பார்த்தார். "சரி, கணக்கு பாத்துடுவோம். மொத வருஷ ஃபீஸ் தொண்ணூறு. பஸ் பாஸு, மதியச் சாப்பாடு பதினாலு. வெள்ளக் கோட்டு, புஸ்தகம் ஆறு. ஆவ மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், இது உன் செலவு. முப்பத்தாறு மாசம் நீ எனக்குக் காதா நின்னதுக்குச் சம்பளம், மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு. இது உன் வரவு."

"ரெண்டாயிரத்து ஐந்நூறா! கட்டுப்படி ஆவாதுப்பா. மூவாயிரத்து ஐந்நூறு. ரெண்டு பக்கமும் நானே நின்னேன்."

"எடது காதுக்கு நீ என்னா வேல செஞ்ச? அது சும்மாதான் இருந்துச்சு."

"மூவாயிரம் போட்டு முடிங்கய்யா" என்றார் கண்டக்டர். "ஸ்டாப்பிங் வருது."

முடித்தார்கள். முப்பத்தாறு மாசத்துக்கு மூவாயிரம் வீதம் வரவு ஒரு லட்சத்து எட்டாயிரம். செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இளமதி அப்பாவுக்குத் தர வேண்டிய பாக்கி, ரூபாய் இரண்டாயிரம்.