சமதளத்தில் பூஜ்யம்

இரண்டு பேர் செய்ய வேண்டிய சோதனையை ஜீவிதா தனி ஆளாகச் செய்துகொண்டிருந்தாள். ஒருத்தி சின்னச் சக்கர வண்டியைத் தடத்தில் தள்ளிவிட வேண்டும், இன்னொருத்தி ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். இங்கே தள்ளுகிறவளும் அவளே, அமுக்குகிறவளும் அவளே. மறுமுனையில் வண்டியைப் பிடிக்க ஆளில்லாததால் துப்பட்டாவை மடித்து வைத்திருந்தாள். வண்டி அதில் போய் முட்டும்போதெல்லாம் பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

எல்லாம் போன மாதத்து வினை. அந்தக் கல்லூரி லேபில் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது வழிவழியாக வரும் சம்பிரதாயம். பெண்டுலம் சோதனையில் ஜீவிதா மட்டும் நிஜமாகவே அளந்து தொலைத்தாள். மாணிக்கவேல் சார் அவள் தாளைத் தூக்கிக் காட்டி, மற்றவர்களை எல்லாம் சனிக்கிழமை வந்து திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமைதான் தேவிப்ரியாவின் அக்காவுக்குக் கூறைப்புடவை எடுத்தார்கள்; அவளால் போக முடியவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்தவள் அதைப் பொறுப்பாளா? பள்ளிக்கூட நாளிலிருந்து ஜீவிதாவோடு ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள், மேசை மாறிப் போனாள். வகுப்பும் அவள் பக்கம் போய்விட்டது.

மரக்கட்டை வைத்துத் தடத்தைச் சாய்த்துச் செய்த பாகம் ஒழுங்காக வந்தது. சாய்வு கூடக்கூட வண்டியின் முடுக்கமும் கூடியது. தொல்லை சமதளத்தில்தான். சாய்க்காத தடத்தில் தள்ளிவிட்ட வண்டி ஒரே வேகத்தில் ஓடும், முடுக்கம் பூஜ்யம் என்கிறது புத்தகம். இவள் வண்டியோ போகப்போகத் தளர்ந்தது. சக்கரத்தின் உராய்வு சும்மா விடுமா? முடுக்கம் மைனஸில் வந்தது. சின்ன எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை.

அதைப் பென்சிலால் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். மற்ற மேசைகளில் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். எப்படியும் எல்லோரும் பூஜ்யம்தான் போடப் போகிறார்கள். மறுபடி தன் தாள் மட்டும் மேலே தூக்கப்பட்டால், படிப்பு முடிகிறவரை இந்தத் துப்பட்டாதான் துணை. பாழாய்ப்போன மைனஸ் யாருக்கு வேண்டும்? அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

சற்று நேரத்தில் தேவிப்ரியா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஸ்கேல் இருக்குதா?”

ஜீவிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியையே எடுத்து நீட்டினாள். “எல்லாம் இருக்குது, எடுத்துக்கோ. அக்கா கல்யாண வேலை நடந்துக்கினு இருக்குதா?”

“ம்.”

ஸ்கேலை எடுத்த பிறகும் தேவிப்ரியா உடனே போகவில்லை. மேசைமேல் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். கோபம் ஆறிவிட்டது என்று ஜீவிதா நினைத்துக்கொண்டாள்.

மணியடிக்கும் முன் மாணிக்கவேல் சார் மேசை மேசையாகத் தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“சமதளத்துல எல்லாருக்கும் பூஜ்யமா? காஞ்சிபுரத்துல உராய்வே ஒழிஞ்சுபோச்சா?” என்றவர், கடைசியாக ஜீவிதாவின் தாளை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். அழித்த இடத்தில் விரலை வைத்தார். “உங்கிட்ட இதை எதிர்பார்க்கலைம்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வகுப்பைப் பார்த்து, “சனிக்கிழமை எல்லாரும் வாங்க” என்றார்.

வராந்தாவில் தேவிப்ரியா அவளை மடக்கினாள்.

“இன்னாடி பண்ணி வச்சிக்கிற? போன தடவை பட்டதே போதும்னு இன்னிக்கு நாங்க ஒழுங்காத்தான் அளந்தோம். எங்களுக்கும் மைனஸ்லதான் வந்துச்சு. ஸ்கேல் வாங்க வந்தப்போ நீ பூஜ்யம் போட்டிருந்ததைப் பார்த்துட்டுதான் எல்லாரும் மாத்தினோம்.”

உங்களோடு சேர்ந்துகொள்ளத்தான் அழித்தேன் என்று சொல்ல ஜீவிதா வாயெடுத்தாள்.

“நாங்க பொய் எழுதினா அது வேற” என்றாள் தேவிப்ரியா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. “நீ எழுத மாட்டேன்னு நம்பினோமேடி.”